அறுந்த இழையும் நின்ற தறியும்

நெசவையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட நம் சமூகத்தார்க்கு, ஓர் இழை அறுவதால் விளையும் நஷ்டத்தை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அறுந்த பாவிழையைக் கவனியாது நாடாவை ஓட்டினால், குறை முழம் முழமாக நீளும்; பின்னர் எத்துணை முயன்றும் அதனை மறைத்தல் இயலாது. இக்குறையைக் களைய ஜப்பான் தேசத்துத் தச்சர் மகன் ஒருவர் செய்த பிரயத்தனத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

சாகிச்சி டொயோடா என்பார் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையிடம் தச்சுத்தொழில் பயின்ற இவர், தறியைத் திருத்துவதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டார். 1891-இல் இவர் காப்புரிமை பெற்ற மரக்கைத்தறி, நெய்த துணியின் ஏற்றத்தாழ்வைக் குறைத்தது. 1896-இல் இயற்றிய விசைத்தறியோ, ஊடை அறுந்தவுடன் தானே நின்றது. 1924-இல் தம் குமாரர் கீச்சிரோ முதலியோருடன் முற்றுவித்த தானியங்கித் தறி, பாவிழை அறுந்தாலும் நின்றது. இத்தகைய தறிகளில் ஒவ்வொரு பாவிழையும் மெல்லிய உலோகத் தகடொன்றைத் தாங்கி நிற்கும். இழை அறுந்தால் தகடு விழும். விழவே தறி நிற்கும். அதனால் தறிக்கோர் ஆள் கண்கொட்டாது காத்திருக்கும் நிலை ஒழிந்து, ஒருவரே பல தறிகளை மேற்பார்க்கலாயினர். இயந்திரங்களுக்குப் பேர்போன இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியாரே 1929-இல் இத்தறியின் உரிமையைப் பெற ஒப்பந்தம் செய்தனர்.

தறி நின்றால் மட்டும் போதுமோ? போதாது. 1932-இல் டொயோடா நூற்பு நெசவாலையில் சேர்ந்த டாயிச்சி ஓனோ என்பார், பின்னாளில் மோட்டார்த் தொழிற்சாலையில், குறை கண்டவிடத்து ‘ஏன்’ என ஐந்து முறை வினவவேண்டுமென வற்புறுத்தினார். அம்முறை நம் தறிக்கும் பொருந்தும். இழை ஏன் அறுந்தது? பண்ணையில் உராய்ந்தமையால். ஏன் உராய்ந்தது? இழையில் பிசிறு நின்றமையால். பிசிறு ஏன் நின்றது? கஞ்சி சமமாகப் பற்றாமையால். ஏன் பற்றவில்லை? கஞ்சி கட்டிபட்டிருந்தமையால். அஃது ஏன்? காய்ச்சுங்கால் கிண்டாது விட்டமையால். காரணத்தை நாடாது, அறுந்ததை முடிந்துவிட்டு அமர்வோமாயின், நாளையும் முடிந்துகொண்டே இருக்கவேண்டியதுதான்.

நம்மில் சிலர், தறியை நிறுத்துவது கூலிக்கு நஷ்டமென்றும், குறையை வெளியிடுவது அவமானமென்றும் கருதுவர். துணியை விரித்துப் பார்ப்பார் கண்ணுக்கு அக்குறை தப்பாது. அன்று குறைவது கூலி மாத்திரமன்று, நம் தொழிலின் நற்பெயருமாம். ஆதலின், அன்பர்களே, நம் இளைஞர்க்கு நாடா ஓட்டக் கற்பிக்கும்பொழுதே, தறியை நிறுத்தவும் காரணம் வினவவும் கற்பிப்போமாக.