நிவாரணப் பதிவேடும் காணாமற்போனோர் கணக்கும்: வன்னி இடப்பெயர்வின் எண்கள் (2008–2012)

முன்னுரை

இடம்பெயர்ந்த மக்களுக்கு உதவ வேண்டுமெனில் அவர்கள் எங்கே இருக்கின்றனர், எத்தனை பேர் இருக்கின்றனர் என்பது முதலில் தெரிய வேண்டும். இந்தத் தேவையிலிருந்து கடந்த மூன்று தசாப்தங்களில் ஒரு தனித் துறை வளர்ந்துள்ளது. பிரான்சிஸ் டெங் ஐ.நா. பொதுச் செயலாளரின் பிரதிநிதியாக இருந்தபோது உருவான உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டு நெறிகள் 1998இல் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையத்தின் முன் வைக்கப்பட்டன. நோர்வே அகதிகள் பேரவையின் உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. புலம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பு 2004இல் ஈராக்கில் தொடங்கிய இடப்பெயர்வுத் தடங்காணல் முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

இத்துறையின் கையேடுகள் எண்ணுதலைப் பெரும்பாலும் ஒரு தொழில்நுட்பச் செயலாகவே கருதுகின்றன: படிவம் சரியாக இருந்தால், பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர் இருந்தால், எண்ணும் சரியாக வரும். எண்ணின்படியே உணவு செல்லும் இடத்தில், எண்ணைக் குறைப்பதும் கூட்டுவதும் போரின் ஒரு பகுதியாகிவிடக்கூடும் என்பதற்கு அவை தரும் இடம் சிறிது. இலங்கையின் வன்னிப் பெருநிலத்தில் 2008 செப்டெம்பர் முதல் 2009 மே வரை நிலவிய எண் சர்ச்சை அதற்கு ஒரு தெளிவான சான்று. உணவு வழங்குவதற்காக உள்ளூர் அலுவலர்கள் பேணிய பதிவேடு, மிகைப்படுத்தப்பட்டது என்று அன்று ஒதுக்கப்பட்டது. போருக்குப் பின் காணாமற்போனோரைக் கணக்கிட முயன்றவர்கள் அதே பதிவேட்டிடமே திரும்பி வந்தனர். இவ்விரு பயன்பாடுகளுக்கும் இடையே அந்த ஆவணத்தின் இயல்பு சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பதிவேட்டின் இயல்பு

வடபகுதியில் 1981ஆம் ஆண்டுக்குப் பின் முழுமையான குடிசன மதிப்பீடு 2012 வரை நடைபெறவில்லை. 1991இல் நாடெங்கும் மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் நடந்தது பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமை பெற்றது. எனவே போரின் இறுதிக் கட்டத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள்தொகையை அறியக் கச்சேரிப் பதிவுகளைத் தவிர வேறு விரிவான மூலம் இருக்கவில்லை.

இப்பதிவுகள் உருவான ஏற்பாடே தனித்தன்மை வாய்ந்தது. 1990 முதல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. ஆயினும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் அரசாங்க அதிபரும் பிரதேச செயலாளர்களும் கிராம அலுவலர்களும் கொழும்பிலிருந்து சம்பளம் பெற்றுப் பணியாற்றினர். உலர் உணவு நிவாரணம் அவர்கள் வழியே சென்றது. கிராம அலுவலர் தம் பிரிவிலுள்ள குடும்பங்களைப் பதிவுசெய்தார். பிரதேச செயலகம் அவற்றைத் தொகுத்தது. கச்சேரி மொத்த எண்ணைக் கொழும்புக்கு அனுப்பியது. வந்த பொருளைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அட்டைக்கு ஏற்பப் பங்கிட்டன. ஒரே அலுவலர் இரு அதிகாரங்களுக்கு நடுவே நின்று பேணிய பதிவு இது. அவர்மீது இரு பக்கத்து அழுத்தமும் இருந்தது என்பதை மறந்து இவ்வெண்களை வாசிக்க முடியாது.

பதிவின் நோக்கம் பங்கீடு. ஆகவே அதன் பிழைகளும் பங்கீட்டின் தர்க்கத்தையே பின்பற்றும். குழந்தை பிறந்தால் பெயர் விரைவில் சேரும். ஒருவர் இறந்தால் பெயர் மெதுவாகவே நீங்கும், ஏனெனில் நீங்கினால் குடும்பத்தின் அரிசி குறையும். குடும்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும்போது பழைய பிரிவிலும் புதிய பிரிவிலும் பெயர் இருக்க வாய்ப்புண்டு. எதிர்த்திசையிலும் பிழை நிகழலாம். வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பிள்ளைகளை மறைத்துவைத்த குடும்பங்கள் அவர்கள் பெயரை எந்தப் பட்டியலிலும் காட்ட விரும்பியிரா. ஆவணங்களை இழந்தோரும் தனித்து வந்தோரும் பதிவுக்கு வெளியே நின்றிருக்கலாம். இப்பதிவேடு எப்போதும் மிகையாகவே இருக்கும் என்ற முடிவுக்கு ஆதாரமில்லை.

2008இன் இறுதியிலிருந்து இடப்பெயர்வின் வேகம் பதிவின் வேகத்தை மிஞ்சியது. மன்னார் மாவட்டத்தின் மடு, அடம்பன் பகுதிகளிலிருந்து முன்னரே கிளம்பியவர்கள் கிளிநொச்சிக்கு வந்திருந்தனர். அங்கிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, பின்னர் மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் எனக் கடற்கரை ஓரமாக நிலம் சுருங்கச் சுருங்க மக்கள் நகர்ந்தனர். அலுவலர்களும் அவர்களோடு நகர்ந்தனர். எண்ணுபவரும் எண்ணப்படுபவரும் ஒரே வரிசையில் இடம்பெயர்ந்த இத்தகைய நிலை இடப்பெயர்வு ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை.

மூன்று எண்கள்

பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர இயலாது என்று அரசாங்கம் அறிவித்ததைத் தொடர்ந்து 2008 செப்டெம்பர் நடுப்பகுதியில் ஐ.நா. நிறுவனங்களின் பன்னாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். அதன்பின் ஒக்ரோபர் முதல் 2009 ஜனவரி நடுப்பகுதி வரை உலக உணவுத் திட்டத்தின் பதினொரு வாகனத் தொடர்கள் மட்டுமே வன்னிக்குச் சென்றன. களத்தில் சுயாதீனமாக எண்ணக்கூடியோர் இல்லாத நிலையில் மூன்று எண்கள் ஒன்றோடொன்று மோதின. உள்ளூர் நிருவாகம் 2009 பெப்ரவரியில் 330,000 பேர் இருப்பதாகக் கூறியது. ஐ.நா. 250,000 என மதிப்பிட்டது. கொழும்பு அரசாங்கம் 70,000 என்றது.

அரசாங்கத்தின் வாதம் அறியப்பட்டதே: புலிகள் அலுவலர்களை அச்சுறுத்தி எண்ணைக் கூட்டுகின்றனர், மிகுதி உணவு போராளிகளுக்குச் செல்கிறது. பங்கீட்டில் அத்தகைய கசிவு நிகழ்ந்திருக்க முடியாது என எவரும் வாதிட இயலாது. ஆனால் கசிவைப் பற்றிய ஐயம் எண்ணை ஐந்தில் ஒன்றாகக் குறைப்பதை நியாயப்படுத்துமா என்பது வேறு வினா. பெரிய எண்ணை அறிவித்த உள்ளூர் அலுவலருக்கு, அவ்வெண் அடிப்படையற்றது, தவறான தகவல் தொடர்ந்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்ற பொருளில் கொழும்பிலிருந்து கடிதம் சென்றதைப் பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன. எண்ணை மறுப்பதற்கு மாற்றுக் கணக்கெடுப்பு எதுவும் முன்வைக்கப்படவில்லை. எண்ணியவர் எச்சரிக்கப்பட்டார்.

இவ்வேறுபாட்டின் பொருளை உணவின் அளவில் காணலாம். மனிதாபிமான உதவியின் பொது அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி. உலர் உணவாக அது ஏறத்தாழ அரைக் கிலோ. 330,000 பேருக்கு நாளொன்றுக்கு 165 தொன் வேண்டும். 70,000 பேருக்கு 35 தொன் போதும். மாதத்துக்கு முன்னது 4,950 தொன், பின்னது 1,050 தொன். பின்னதைத் திட்டமிடுபவர் தம் கணக்குப்படி முழுப் பங்கீடு வழங்கியதாக அறிக்கை எழுதலாம். முன்னது உண்மையெனில் மக்களுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பெப்ரவரிக்குப் பின் தரைவழி மூடப்பட்டது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பல்கள் புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரைத் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றன. உணவும் கடல்வழியே சிறிதளவு வந்தது. மே 9க்குப் பின் கப்பல் வரவில்லை. உணவைவிட மருந்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடியது, ஏனெனில் அறுவைச் சிகிச்சைப் பொருள்களுக்கு உள்ளூர்ச் சந்தையில் மாற்று இல்லை.

எண்களைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை மக்கள் வெளியேற்றமே தந்தது. ஏப்ரல் 20ஐ ஒட்டிய சில நாள்களில் மட்டும் ஒரு இலட்சம் பேர் அளவில் வெளியே வந்தனர். அரசாங்கம் அறிவித்த மொத்தத் தொகையை அது ஒரே வாரத்தில் தாண்டியது. ஆயினும் ஏப்ரல் இறுதியில் உள்ளே 10,000 பேரே எஞ்சியுள்ளனர் எனக் கூறப்பட்டது. அப்போது ஐ.நா.வின் மதிப்பீடு 127,177. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஐ.நா.வின் யுனோசாற் பிரிவு கடற்கரையிலிருந்த கூடாரங்களின் பரவலை வரைபடமாக்கியிருந்தது. வானிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது தரையில் ஏற்கப்படவில்லை.

2011இல் வெளியான ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு அறிக்கை, மோதல் பகுதிக்கான உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தும் பொருட்டே அரசாங்கம் மக்கள்தொகையைக் குறைத்துக் காட்டியது என்ற குற்றச்சாட்டை நம்பத்தகுந்ததாகக் கண்டது. அதே அறிக்கை, புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்ததையும் வெளியேற முயன்றோரைச் சுட்டதையும் பதிவுசெய்கிறது. இலங்கை அரசாங்கம் அவ்வறிக்கையை நிராகரித்தது. உயிரிழப்பு எண்களை வெளிப்படையாக முன்வைக்க ஐ.நா. தயங்கியதை 2012 நவம்பரில் வெளியான அதன் உள்ளக ஆய்வும் கண்டித்தது.

கழித்தலின் சிக்கல்

2011 ஜனவரி 8 அன்று மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் எளிய கணக்கை வைத்தார். கச்சேரிகளின் தகவற்படி 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. ஐ.நா.வின் தகவற்படி 2009 ஜூலை 10 வரை வெளியே வந்தோர் 282,380. வேறுபாடு 146,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே அவர் கேட்ட வினா. இவர்கள் அனைவரும் இறந்தனர் என அவர் கூறவில்லை. பின்வந்த எழுத்துகள் பலவற்றில் வினாக்குறி உதிர்ந்து எண் மட்டும் எஞ்சியது.

ஆய்வாளர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 429,059, 330,000 ஆகிய இரண்டும் உள்ளூர் நிருவாகத்திலிருந்தே வந்தவை. அவற்றுக்கிடையே நான்கு மாதங்களும் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடும் உள்ளன. பின்னதிலிருந்து கழித்தால் கிடைப்பது 47,620. ஐ.நா.வின் 250,000இலிருந்து கழித்தால் விடை எதிர்மமாகிறது: உள்ளே இருந்தவர்களைவிட 32,380 பேர் கூடுதலாக வெளியே வந்தனர் என்ற பொருந்தா முடிவு. அதாவது ஐ.நா.வின் மதிப்பீடும் குறைவானதே. இறந்தோரைக் கணக்கில் எடுக்கு முன்னரே அது தெளிவாகிறது. மூன்று எண்களுள் வெளியேற்றத்தால் பொய்ப்பிக்கப்படாதது, எச்சரிக்கைக்கு உள்ளான அலுவலரின் எண் ஒன்றே.

ஆயினும் பொய்ப்பிக்கப்படாத எண் துல்லியமான எண்ணாகிவிடாது. பங்கீட்டுப் பதிவேட்டின் இரட்டைப் பதிவுகள், இடைக்காலத்தில் வேறு வழியே வெளியேறியோர், சரணடைந்து தனியே தடுத்துவைக்கப்பட்டோர் முகாம் எண்ணில் அடங்கிய விதம் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனியே தீர்க்கப்பட வேண்டியவை. 146,679ஐ உயிரிழப்பு எண்ணாக எடுத்தாள்வதும், பதிவேடு மிகையானது என்று கூறி அதை முற்றாகத் தள்ளுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டும் நிவாரணப் பதிவேட்டைக் குடிசன மதிப்பீடாக வாசிக்கின்றன. அது காட்டும் இடைவெளி, இரு வேறு நோக்கங்களுக்காக இரு வேறு கைகள் எழுதிய பட்டியல்களின் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் இறந்தோர் உள்ளனர் என்பதில் ஐயமில்லை. எத்தனை பேர் என்பதைக் கழித்தல் மட்டும் சொல்லாது.

பெயரும் தொகையும்

இரண்டாவது பட்டியல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் உருவானது. அங்கு எண்ணுதலின் முதல் நோக்கம் பங்கீடன்று, வடிகட்டல். முட்கம்பிக்குள் இருந்தோர் 2009 டிசெம்பர் வரை தாமாக வெளியே செல்ல இயலவில்லை. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டபோது இறுதியாக வெளியேறியோருள் கேப்பாப்பிலவு மக்கள் இருந்தனர். அவர்களின் நிலம் இராணுவத்திடம் இருந்ததால் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். முகாமின் எண் சுழியமாயிற்று. 2017இல் அம்மக்கள் தம் நிலத்துக்காகப் போராட்டம் தொடங்கியபோது, அரச கணக்கில் இடம்பெயர்ந்தோர் அல்லாத இடம்பெயர்ந்தோராக அவர்கள் இருந்தனர். தடங்காணல் முறைகள் முகாமை அலகாகக் கொள்ளும்போது நேரும் பொதுக் குறை இது.

வழிகாட்டு நெறிகளில் உணவு, நீர், உறைவிடம் ஆகியவற்றுக்கான உரிமை 18ஆம் நெறியிலும், காணாமற்போன உறவினரின் நிலையை அறியும் உரிமை 16ஆம் நெறியிலும் உள்ளன. முதலாவதற்குத் தொகை போதும்: எத்தனை வாய், எத்தனை தொன். இரண்டாவதற்குத் தொகை பயன்படாது, பெயர் வேண்டும். கிராம அலுவலரின் பட்டியலில் பெயர், வயது, குடும்பத் தலைவர், ஊர் என எல்லாம் இருந்தன. பிரதேச செயலகம், கச்சேரி, கொழும்பு என மேலேறும் ஒவ்வொரு படியிலும் பெயர்கள் உதிர்ந்து தொகை மட்டுமே சென்றது. சர்ச்சை முழுவதும் தொகையைப் பற்றியதாகவே அமைந்ததற்கும் இதுவே காரணம். கிராமப் பிரிவு வாரியாக நிவாரணப் பட்டியலின் பெயர்களை முகாம்ப் பதிவின் பெயர்களோடு ஒப்பிடுவது 429,059இலிருந்து 282,380ஐக் கழிப்பதிலும் கடினமானது, மெதுவானது. இரட்டைப் பதிவை இனங்காணவும், இறந்தவரைக் காணாமற்போனவரிலிருந்து பிரித்தறியவும் அதுவே வழி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவினர்கள் கேட்ட பட்டியலும், சரணடைந்தோரின் பெயர்கள் அடங்கிய பட்டியலே.