கணக்கேடும் ஏவற்பூதமும் – ஒரு வரலாற்று நோக்கு

பணத்தின் வரலாறு ஒருவகையிற் கணக்கேட்டின் வரலாறேயாகும். யாரிடம் எவ்வளவு உண்டு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பவற்றை எழுதிவைக்க ஒருவன் வேண்டும். அவனை ஏனையோர் நம்பவும் வேண்டும். வணிகனின் பேரேடு முதல் மத்திய வங்கியின் ஏடு வரை இந்நியதி மாறவில்லை. கணக்கனை நீக்கிக் கணக்கை மட்டும் பேணுதல் இயலுமா என்ற வினாவுக்கு விடைகாண எழுந்த முயற்சியே பிட்கொயின் ஆகும்.

இம்முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. டேவிட் சோம் என்பார் 1989இல் நிறுவிய டிஜிகாஷ் நிறுவனம் கணனிவழிப் பணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அதன் ஏடு ஒரு நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. 1998இல் நிறுவனம் முறிவடைந்தபோது அப்பணமும் உடன் மறைந்தது. இதிற் பெறப்படும் பாடம் தெளிவானது: ஏடு ஒருவரிடம் இருப்பின் அவரது வீழ்ச்சி ஏட்டின் வீழ்ச்சியுமாகும். 2008 ஒக்ரோபர் 31ஆம் நாள் சதோசி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை இதற்கு மாற்றுவழி கூறிற்று. 2009 ஜனவரி 3ஆம் நாளிட்ட முதற் பதிவுத் தொகுதியுடன் அவ்வேடு தொடங்கியது. சில நாட்களில் நிரலும் வெளியிடப்பட்டது.

இம்முறையில் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி ஏட்டிற் சேர்கின்றது. ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்தியதன் கணித முத்திரையைத் தாங்குவதால், பழைய பதிவொன்றைத் திருத்துபவர் அதன் பின்னுள்ள அனைத்தையும் மீளச் செய்தாக வேண்டும். பிளொக்செயின் எனும் பெயர் இச்சங்கிலித் தொடர்பால் வந்ததே. ஏட்டின் படிகள் ஆயிரக்கணக்கான கணனிகளிற் பேணப்படுகின்றன. விதியை மீறிய தொகுதியை ஒவ்வொரு கணனியும் தானே நிராகரிக்கும். மேன்முறையீடு செய்ய நீதிமன்றம் இல்லை, நிரலே சட்டம்.

இந்நிரலின் உயிர்நிலை, பின்னணியில் ஓயாது இயங்கும் பகுதியாகும். கணனியியலார் அதனை டீமன் என்பர். 1963ஆம் ஆண்டளவில் மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பெர்னாண்டோ கோர்பாற்றோவின் குழுவினர் இச்சொல்லை வழங்கத் தொடங்கினர். பௌதிகவியலில் மக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாது வகைபிரிக்கும் பூதத்திலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. தமிழில் இதனை ஏவற்பூதம் எனலாம். ஏவுவதற்கு ஒரு வாயும் வேண்டுமன்றோ? அதுவே கட்டளைவரிக் கருவி. 2010 ஜூலையில் வெளியான 0.3 பதிப்பில், திரைச்சாளரம் இன்றி இயங்கும் பூதமும் அதனைக் கட்டளைவரியால் ஏவும் வசதியும் இடம்பெற்றன. 2014 மார்ச்சில் 0.9 பதிப்புடன் அவ்வேவற்கருவி தனி நிரலாக வழங்கப்பட்டது. இதுவரை வெளியான நாணயங்களின் தொகை யாது என ஒரு வரியில் வினவினால், பூதம் தன் ஏட்டை எண்ணி விடை கூறும். பிறர் அறிவிப்பை நம்பவேண்டிய ஒன்று இங்கே ஒருவர் தம் வீட்டிலேயே சரிபார்க்கத்தக்கதாயிற்று.

ஆனால் அப்பூதத்தைச் செய்து தந்தவர் யார்? மூலநிரலை எவரும் வாசிக்கலாம். கணனி இயக்குவதோ அதிலிருந்து கட்டப்பட்ட இயந்திரமொழி வடிவத்தையாகும். இரண்டுக்கும் இடையில் வஞ்சகம் நுழையலாம் என்பதைக் கென் தொம்சன் தமது டூரிங் பரிசுப் பேருரையில், 1984இலேயே, நிறுவிக் காட்டினார். எனவே 2011 முதல் பிட்கொயின் நிரலாளர் கித்தியன் என்ற முறையைக் கைக்கொண்டனர். வெவ்வேறு இடங்களிலிருந்து பலர் ஒரே மூலநிரலைக் கட்டுவர். விளைவுகள் ஓர் இலக்கமும் பிசகாது ஒத்திருந்தால் அவற்றுக்குக் கையொப்பமிடுவர். 2021இல் கீக்ஸ் என்னும் முறை அவ்விடத்தைப் பெற்றது; கட்டும் கருவிகளையே அடிமுதல் கட்டிக்கொள்ள அது வழிசெய்தது.

நிரலே சட்டமாயின் நிரலிற் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? 2010 ஓகஸ்ட் 15ஆம் நாள் இவ்வினாவுக்கு விடை கிடைத்தது. நாணயங்களின் மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டலாகாது என்பது விதி. அன்று 74,638ஆம் தொகுதியில் ஒரே கொடுக்கல் பதிவில் 18,400 கோடிக்கு மேற்பட்ட நாணயங்கள் தோன்றின. மிகப்பெரிய இரு தொகைகளைக் கூட்டியபோது விடை கணனி கொள்ளும் எண்ணெல்லையை மீறிப் புரண்டதனால் சரிபார்ப்பு ஏமாந்தது. சில மணித்தியாலங்களில் திருத்திய நிரல் வெளியாயிற்று. அதனை ஏற்று இயக்கியோர் நேரிய சங்கிலியை வளர்த்தனர். மறுநாள் அது பிழைபட்டதை முந்திற்று. பூதங்கள் யாவும் ஏற்றுக்கொண்ட ஒன்றை மனிதர் தவறென்று தீர்ப்பளித்த நாள் அது.

2013 மார்ச்சில் வேறொரு சோதனை நேர்ந்தது. புதிதாக வந்த 0.8 பதிப்பு, தரவைச் சேமிக்கும் அடிப்பகுதியை மாற்றியிருந்தது. பழைய அடிப்பகுதியிற் பூட்டுகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருந்ததை எவரும் உணர்ந்திலர். பெரிய தொகுதியொன்றைப் புதிய பதிப்பு ஏற்க, பழையது மறுக்க, ஏடு இரண்டாயிற்று. பெரும் அகழ்வுக் குழுக்கள் தமது வருவாயை இழந்தும் பழைய பதிப்புக்குத் திரும்பின. சங்கிலி மீண்டும் ஒன்றாயிற்று. எழுதப்பட்ட விதி மட்டுமன்று, இயங்கிக்கொண்டிருந்த பழைய நிரல்களின் எழுதப்படாத குறையும் சட்டமாகவே நின்றது என்பது இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை.

பூதத்தின் வல்லமைக்கு ஓர் எல்லையும் உண்டு. 2013இல் மாஸ்டர்கொயின் எனத் தொடங்கிப் பின்னர் ஒம்னி எனப் பெயர்மாறிய திட்டம், பிட்கொயின் ஏட்டின்மீதே வேறு அடையாள நாணயங்களை வெளியிட வழிசெய்தது. பிட்கொயின் நிரலைத் திருத்தி அது தனக்கென ஒரு பூதத்தையும் கட்டளைவரிக் கருவியையும் ஆக்கிக்கொண்டது. பிட்கொயின் பூதத்துக்கு வெறுந் தரவாகத் தோன்றுவதை ஒம்னிப் பூதம் நாணயமாக வாசிக்கும். 2014இல் டொலருக்கு நிகரெனச் சொல்லப்பட்ட டெதர் இவ்வழியே முதலில் வெளிவந்தது. எத்தனை டெதர் அவ்வேட்டில் வெளியிடப்பட்டன, எம்முகவரியில் உள்ளன என்பவற்றை அப்பூதம் பிசகின்றிக் கூறும். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு டொலர் வங்கியில் உண்டா என்பதை அது அறியாது. 2016 முதல் 2018 வரையான காலத்துள் 26 மாதங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பண்டக எதிர்கால வர்த்தக ஆணைக்குழு, போதிய ஒதுக்கு 27.6 சதவீத நாட்களிலேயே இருந்ததெனக் கண்டு, 2021இல் 4 கோடியே 10 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. நிறுவனம் குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் இணங்கிற்று. ஏடு பொய் சொல்லவில்லை. ஏட்டுக்கு வெளியே இருந்த வாக்குறுதியே ஐயத்துக்குள்ளானது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். கணக்கன் நீங்கவில்லை, அவனது பொறுப்பு ஒவ்வொருவர்க்கும் பங்கிடப்பட்டது. அப்பங்கை ஏற்பது எளிதன்று. முழு ஏடும் 2024ஆம் ஆண்டளவில் 500 கிகாபைற்றைக் கடந்துவிட்டது. பலர் நாணயத்தைப் பரிமாற்று நிலையங்களிடமே விட்டுவைத்தனர். 2014 பெப்ரவரியில் டோக்கியோவின் மவுண்ட் கொக்ஸ் நிலையம் முறிவடைந்து, சுமார் 8,50,000 பிட்கொயின்கள் காணாமற் போயின என்றபோது அவர்கள் டிஜிகாஷ் காலத்துக்கே திரும்பியிருந்தனர். நிரலை வாசித்துக் கட்டித் தம் கையால் இயக்குவோர் சிலரேனும் உள்ளவரையிலேயே இவ்வேடு பொது ஏடாக நிலைக்கும். அவர்கள் அருகிவிடின், பூதம் மீண்டும் ஒருவனுக்கே ஏவல் செய்யும்.