'செகண்ட்' பிறந்த கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பிற்பகலில் வேலைக்குச் செல்லும் தொழிலாளி, தமக்குச் 'செகண்ட் ஷிப்ட்' என்கிறார். அவர் புறநகர் ரயிலில் எடுப்பது செகண்ட் கிளாஸ் சீட்டு. அவரது கைக்கடிகாரத்தில் விரைந்தோடும் மெல்லிய முள் காட்டுவதும் செகண்ட்தான். 'இரண்டாவது' என்று பொருள்படும் சொல் காலத்தின் அளவாகவும் ஆனது எப்படி?

ஆங்கிலத்தில் 'ஃபோர்' என்பதிலிருந்து 'ஃபோர்த்' பிறக்கிறது. 'சிக்ஸ்' என்பதிலிருந்து 'சிக்ஸ்த்' பிறக்கிறது. ஆனால் 'செகண்ட்' என்ற சொல்லில் 'டூ' எங்கும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இரண்டாவதைக் குறிக்க இன்றைய 'அதர்' என்பதன் முன்வடிவமே வழங்கியது. 'மற்றது' என்பதற்கும் அதே சொல்தான். மூன்று பொருள்கள் இருந்தால் மயக்கம் வருமல்லவா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதை ஆங்கிலேயர் இன்றும் 'எவ்ரி அதர் டே' என்பது அப்பழைய பொருளின் எச்சமே. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாகப் புகுந்தன. அவ்வழியே வந்ததுதான் 'செகண்ட்'. இதன் மூலம் 'செகுந்துஸ்' என்னும் லத்தீன் சொல். 'பின்தொடர்வது' என்பது அதன் பொருள். 'சீக்வென்ஸ்' இதன் உறவுக்காரச் சொல். நம்முடைய 'அடுத்தது' என்பதே இதற்கு மிக நெருங்கியது எனலாம்.

எனவே 'தரம் குறைந்தது' என்ற கருத்து இச்சொல்லின் பிறப்பில் இல்லை. சிறு பழுதுள்ள சரக்கை 'செகண்ட்ஸ்' என்று கடைக்காரர் தள்ளி வைப்பது பிற்கால வழக்கு. ரயிலிலோ வேடிக்கை: 1974-இல் மூன்றாம் வகுப்பு நீக்கப்பட்டபோது அதில் பயணம் செய்தவர்கள் இரண்டாம் வகுப்புப் பயணிகள் ஆயினர்!

இனி, கடிகாரத்துக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, பாபிலோனியரைப் பின்பற்றி ஒரு பாகையை அறுபதாகவும், அதில் ஒன்றை மீண்டும் அறுபதாகவும் பகுத்தார். லத்தீனில் எழுதியவர்கள் முன்னதை 'பார்ஸ் மினுத்தா பிரிமா', அதாவது முதல் சிறு பகுதி என்றனர். பின்னது 'பார்ஸ் மினுத்தா செகுந்தா', இரண்டாம் சிறு பகுதி. மணி நேரத்தையும் இவ்வாறே பகுத்தனர். நாளடைவில் பெயர்கள் தேய்ந்து, முன்னதில் 'சிறு' என்பது நின்று மினிட் ஆயிற்று. பின்னதில் 'இரண்டாம்' என்பது நின்று செகண்ட் ஆயிற்று. 1967 முதல் இந்தச் செகண்டை அளந்து தருவது சீசியம் அணு. அதன் கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நேரம் ஒரு செகண்ட்.

இதைத் தமிழில் வினாடி என்கிறோம். இங்கே மாணவர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை 24 நிமிடம் ஆதலால், அந்த விநாடி 24 செகண்ட் ஆகும். பஞ்சாங்கத்தில் 10 நாழிகை 30 விநாடி என்றிருந்தால், சூரிய உதயத்திலிருந்து 4 மணி 12 நிமிடம். அந்த விநாடியைச் செகண்டாகக் கொண்டால் கணக்கில் பதினொன்றரை நிமிடம் குறைந்துவிடும். ரயிலைத் தவறவிட அது போதும்!