இருக்கிற ஊரும் இல்லாத ஊரும்

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில் இரண்டு பழைய துறைமுகங்களைச் சுற்றுலாக்காரர்கள் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். ஒன்று தரங்கம்பாடி, மற்றொன்று பூம்புகார். இரண்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான். புதுச்சேரியிலோ சிதம்பரத்திலோ காலையில் தனி வண்டி அமர்த்தி, கூடவே ஒரு வழிகாட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். டிராவல்ஸ்காரர்கள் போட்டுத் தரும் திட்டத்தில் தரங்கம்பாடிக்கு அரை நாளுக்கு மேல் இருக்கும். பூம்புகார் “போற வழியில அப்படியே ஒரு எட்டு” என்ற கணக்கில் கடைசி வரியில் வரும். இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்வதற்கு முன், தரங்கம்பாடிக்கு உரியதைத் தரங்கம்பாடிக்குக் கொடுத்துவிட வேண்டும். தமிழகக் கடற்கரையில் இத்தனை ஒழுங்காகத் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் ஊர் வேறு இல்லை. ஊருக்குள் நுழையும்போதே 1792-ஆம் ஆண்டைத் தாங்கிய வெள்ளை வாயில் நிற்கிறது. அதைத் தாண்டினால் ராஜா தெரு. ஒரு பக்கம் 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயம், எதிர்ப்பக்கம் 1718-இல் திறந்த புதிய எருசலேம் தேவாலயம். அதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக்கின் முடியும் முத்திரை எழுத்தும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. தெரு முடியும் இடத்தில் திடல், திடலின் விளிம்பில் டான்ஸ்போர்க் கோட்டை, அதற்கப்பால் கடல். வரைபடம் இல்லாமலே நடக்கலாம். எல்லாவற்றுக்கும் பலகை உண்டு, ஆண்டு உண்டு, கட்டியவர் பெயர் உண்டு.

1620-இல் ஓவே ஜெட்டே என்ற டேனிஷ் கடற்படைத் தலைவர் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். கோட்டை அந்த ஆண்டிலேயே எழத் தொடங்கியது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. விற்ற கதையும் அப்படித்தான்: 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் டேனிஷ்காரர்கள் கைமாற்றினார்கள். வாங்கியவர்களுக்கு இந்தத் துறைமுகம் பெரிதாகத் தேவைப்படவில்லை. நாகப்பட்டினம் இருந்தது. வணிகம் அங்கே போனது, தரங்கம்பாடி வளராமல் நின்றுவிட்டது. வளர்ந்திருந்தால் அந்தத் தெருக்களை என்றோ இடித்துக் கடை கட்டியிருப்பார்கள். புறக்கணிப்புதான் ஊரைக் காப்பாற்றியது. எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

கோட்டைக்குள் வழிகாட்டிக்கு வேலை உண்டுதான். கடலைப் பார்த்த மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் தங்கினார்கள், வழிபாடும் அங்கேதான் நடந்தது. கீழ்த்தளத்தில் சமையலறை, கிடங்கு, சிறை. ஒட்டகத் திமில் போல வளைந்த கூரைகளுக்கு அடியில் நின்றால் வெயில் நாளிலும் சில்லென்று இருக்கிறது. எங்களை அழைத்துப்போனவர் ஒரு சுவரில் காரை உதிர்ந்த இடத்தைக் காட்டி, உள்ளே தெரிந்த செங்கல்லை விரலால் சுண்டினார். உப்புக் காற்று அரித்த கல் மாவாகக் கொட்டியது. “நானூறு வருஷம் சார். கடல் தின்னது பாதி, நாம பூசினது பாதி” என்றார். நல்ல வரிதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே இடத்தில் அதே வரியைத்தான் சொல்வார் என்றும் தோன்றியது.

அடுத்த வரியில்தான் சறுக்கினார். “இந்தியாவுல முதல் அச்சுக்கூடம் இந்த ஊர்லதான் சார்.” தரங்கம்பாடி வரும் யாரும் இதைக் கேட்காமல் திரும்புவதில்லை. கோவாவில் 1556-லேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9 அன்று. அச்சு இயந்திரம் 1712-இல் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் அதற்குப் பின் வந்தன. 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. அச்சுக்குக் காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையே வைத்தார்கள். முப்பத்தாறு வயதில் 1719-இல் இறந்த மனிதர் பதின்மூன்று ஆண்டுகளில் இவ்வளவு செய்தார் என்பதே போதும். ‘முதல்’ என்ற பட்டம் அவருக்குத் தேவையில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. தரங்கம்பாடியில் வழிகாட்டி மிகைப்படுத்தினால் திருத்துவதற்கு ஆவணம் இருக்கிறது. கையிலிருக்கும் போனைத் திறந்தே சரிபார்த்துவிடலாம். ஆகவே அங்கே வழிகாட்டி ஒரு வசதி, அவ்வளவுதான். அவர் இல்லாவிட்டால் நாம் இழப்பது கொஞ்சம் சுவாரசியம்.

பூம்புகாரில் இறங்கினால் நிலைமை வேறு. பார்க்க என்ன இருக்கிறது? கடற்கரை. மெலிந்த கோடாகக் கடலில் கலக்கும் காவிரி. 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம், அதன் ஏழுநிலை மாடம், உள்ளே கண்ணகி கதையைச் சொல்லும் 49 சிற்பப் பலகைகள். எல்லாம் நம் காலத்துக் கட்டுமானம். தேரோடும் வீதிகளை எதிர்பார்த்து வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, “அவ்ளோதானா?” என்று வண்டி ஏறுகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. இல்லாத ஊரை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

நாங்கள் அங்கே வேறொருவரைப் பிடித்தோம். பக்கத்துக் கிராமத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சுற்றுலா உரிமம் எல்லாம் அவரிடம் கிடையாது. வாத்தியார் எங்களைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போகவில்லை. முதலில் வண்டியைக் கீழையூர்ப் பக்கம் விடச் சொன்னார். கடற்கரையை விட்டுத் தள்ளி, வயலும் தென்னையுமாக இருந்த இடத்தில் இறக்கிவிட்டு, “கடல் எந்தப் பக்கம் இருக்கு, கை காட்டுங்க பாப்போம்” என்றார். கிழக்கே காட்டினோம். “சரி. ஆனா படகு கட்டுனது இங்க. காவிரியோட பழைய கிளை ஒண்ணு இந்த வழியா ஓடியிருக்கணும்.” 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை இந்தப் பகுதியில் தோண்டியபோது செங்கல் கட்டடமும் படகு கட்டும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. மரத்தைக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று வந்தது. வயல்வெளியில் நின்றுகொண்டு துறைமுகத்தைப் பார்ப்பது எப்படி என்பது அப்போதுதான் பிடிபட்டது.

அங்கிருந்து பல்லவனீச்சுரம். புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வாத்தியார் குனிந்து ஒரு செங்கல்லின் நீளத்தைச் சாண் போட்டு அளந்தார். ஒரு சாணைத் தாண்டியது. “இப்ப சூளையில இந்த அளவு போட மாட்டாங்க” என்றார். இங்கே தோண்டியபோது கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் கிடைத்திருக்கிறது. மணிமேகலையில் புத்த பாதபீடிகையைப் படித்தவர்களுக்கு அந்தச் செய்தி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. புத்ததத்தர் என்ற பிக்கு ஈழத்தில் அனுராதபுரத்து மகாவிகாரையில் கற்றுத் திரும்பி, காவிரிப்பட்டினத்து (பூம்புகாரின் பழைய பெயர்) விகாரை ஒன்றில் தங்கிப் பாலி மொழியில் உரை எழுதியிருக்கிறார். வணிகக் கப்பல் போன வழியில் பிக்குகளும் போய் வந்திருக்கிறார்கள்.

இரண்டு ஊர்களின் சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. தரங்கம்பாடிக்கு ஆவணங்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஆனால் அவை கோபன்ஹேகனிலும் ஹாலேயிலும் இருக்கின்றன. 1712 முதல் 1714 வரை பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்கு ஊர்த் தமிழர்கள் தங்கள் வழக்கங்களையும் வழிபாட்டையும் பற்றிப் பதில் எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பாகவே உலகுக்குத் தெரியவந்தன. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய தமிழர் பேச்சை ஜெர்மன் வழியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பூம்புகாருக்கோ ஒரு கணக்குப் புத்தகம்கூட இல்லை. ஆனால் இருப்பதெல்லாம் தமிழில், இந்த ஊரைப் பார்த்தவர்களின் தமிழில் இருக்கிறது.

பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் சொல்லும் பண்டசாலைக் காட்சியை வாத்தியார் காவிரி முகத்தில் நின்று விவரித்தார். பாட்டைச் சொல்லிக் காட்டவில்லை, சரக்கைச் சொன்னார். கடல் வழியாகக் குதிரை, வண்டியில் மிளகு மூட்டை, வடமலைப் பொன்னும் மணியும், தென்கடல் முத்து, கிழக்குக் கடல் பவளம், ஈழத்து உணவு. எல்லாம் குவியலாகக் கிடக்க, சுங்கம் வாங்குகிறவர்கள் மூட்டைமேல் சோழனின் புலிச் சின்னத்தைக் குத்துகிறார்கள். “அந்தக் கஸ்டம்ஸ் ஆபீஸ் இப்ப நீங்க நிக்கிற எடத்துலன்னு நான் சொல்ல மாட்டேன்” என்று கிழக்கே கை நீட்டினார். “அது அங்க எங்கயோ.”

அந்த ‘எங்கயோ’வுக்காகவே அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஏனென்றால் மிகை சொல்ல இதைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பத்தாயிரம் ஆண்டுப் பழமை என்று ஒருவர் சொல்வார், அதற்கும் மேல் என்று இன்னொருவர் ஏலம் கேட்பார். 1990-களில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டது உண்மை. அது மனிதர் கட்டியதா, எந்தக் காலத்தது என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. கடலுக்கடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரும் வழிகாட்டியைத் திருத்த முடியாது. தெரிந்ததற்கும் நம்புவதற்கும் நடுவே கோடு போடும் வேலை முழுக்க அவர் நாணயத்தில் இருக்கிறது. தரங்கம்பாடியில் சுமாரான வழிகாட்டியை வைத்துச் சமாளிக்கலாம். பூம்புகாரில் சுமாரானவர் இருப்பதைவிட ஒருவரும் இல்லாமல் இருப்பது மேல்.

இரண்டு ஊரிலும் பொதுவாக விட்டுப்போகிற ஒன்று உண்டு: மீனவர் தெருக்கள். 2004 டிசம்பரில் சுனாமி இரண்டு கரைகளையும் அடித்தது. கோட்டையின் வயதைச் சொல்லும் வழிகாட்டிகள் அதைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுவதில்லை. கேட்டால் சொல்வார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

தரங்கம்பாடியில் பலரும் எட்டிப் பார்த்துவிட்டு நகரும் இடம் கடலை ஒட்டிய மாசிலாமணி நாதர் கோயில். 1306-ஐ ஒட்டி மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இங்கே துறைமுகமும் வணிகரும் இருந்தார்கள் என்பதற்கு அதன் கல்வெட்டே சாட்சி. அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றும் வழங்கியது. டேனிஷ் ஊர் என்று முத்திரை குத்திக் கூட்டிவருகிறவர்கள் இதைக் கடைசியில் வைக்கிறார்கள், அல்லது வெயிலைக் காரணம் காட்டித் தவிர்க்கிறார்கள். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிற்காலத்தில்தான் தடுப்பாகக் கல் கொட்டினார்கள். பூம்புகாரைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கோயிலின் முன் நின்றால், இரண்டு ஊருக்கும் நடுவிலிருக்கும் வேறுபாடு இருபது கிலோமீட்டரல்ல, சில நூற்றாண்டு அரிப்பு என்று தெரியும். முதலில் தரங்கம்பாடி, பிறகு பூம்புகார் என்று போனால் இது உறைக்காது. செங்கல்லும் காரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பூம்புகார் வெறும் மணலாகத்தான் படும்.

ஆகவே தனி வண்டி எடுக்கிறவர்களுக்கு என் யோசனை இது. டிராவல்ஸ்காரர் தரும் ஒரே வழிகாட்டியை நாள் முழுக்க இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். தரங்கம்பாடிக்கு அவர் போதும். பூம்புகாருக்கு உள்ளூரில் சிலம்பும் பட்டினப்பாலையும் படித்த ஒருவரை, பள்ளி ஆசிரியராகவோ ஓய்வு பெற்றவராகவோ, இரண்டு நாள் முன்பே விசாரித்துப் பேசி வையுங்கள். அவருக்கும் முறையாகச் சம்பளம் கொடுங்கள், டீ வாங்கிக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். காலை ஏழு மணிக்குப் பூம்புகாரில் இருந்தால் வெயிலுக்கு முன் கீழையூர், பல்லவனீச்சுரம், காவிரி முகம் மூன்றும் ஆகிவிடும். மதியச் சாப்பாட்டை வழியில் முடித்து மூன்று மணிக்குள் தரங்கம்பாடி சேர்ந்தால் கோட்டை, இரண்டு தேவாலயங்கள், கடைசியாகக் கோயில். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே வேறு கிழமை பாருங்கள்.