டார்ச் லைட்டும் அதன் பேட்டரியும்
டார்ச் லைட்டின் நம்பகத்தன்மையைத் தொடக்கம் முதலே தீர்மானித்து வந்தது பேட்டரிதான். 1899-இல் டேவிட் மிசெல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கைவிளக்கில் கார்பன் இழை பல்பும் உலர் மின்கலங்களும் இருந்தன. அந்தக் கலங்களால் நீண்ட நேரம் மின்சாரம் தர முடியாது. விட்டுவிட்டுத்தான் எரிக்க முடிந்தது. பிறகு டங்ஸ்டன் இழை வந்து ஒளி கூடியது. ஆனால் கலத்தின் துத்தநாகக் கூடே மின்வாயாக இருந்து கரையும் அமைப்பு அப்படியே நின்றது. கூடு ஓட்டையானால் உள்ளிருக்கும் ரசாயனம் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். அவசரத்துக்கென்றே எடுத்துவைத்த விளக்கு அந்த நேரத்தில் கைவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்இடி எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லையா என்று கேட்கலாம். நிறையவே மாற்றியது: குறைந்த மின்சாரத்தில் பல மணி நேரம் எரிகிறது, கீழே விழுந்தாலும் அறுந்துபோக இழை இல்லை, விலையும் இறங்கிவிட்டது. ஆனால் துத்தநாக-கார்பன் கலத்துக்குப் பின் வந்த அல்கலைன் பேட்டரியும் கிடப்பில் கசியக்கூடியதே. வெயிலில் நிற்கும் காரின் சூடு கசிவை விரைவுபடுத்தும். சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் பேட்டரி அரிதாகவே கசியும், விலைதான் அதிகம். ஆகவே வீட்டுக்குச் சாதாரண எல்இடி டார்ச் போதும். பேட்டரியைக் கழற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். இருட்டில் மாட்டுவது சிரமம்தான், அரித்துப்போன டார்ச்சைவிட அது மேல். காருக்கு மட்டும் லித்தியத்துக்குச் செலவழியுங்கள்.