ஆட்டிசம்: அரசு உதவி ஊருக்கு வந்த வழி

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். 2007 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2008 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று கட்டடங்களில் நீல விளக்கு எரியும், பேரணி நடக்கும். ஆனால் மறுநாள் காலையில், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் விடை கிடைக்கவே வெகுகாலம் ஆனது. சிதறாலில் குடியிருக்கும் நாமும் அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான் ஆட்டிசம் பரவலாக அறியப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் பழி பெற்ற தாயின் மேல் விழுந்தது. பாசம் காட்டி வளர்க்காததால் பிள்ளை இப்படி ஆனது என்றார்கள். 1964-ல் பெர்னார்டு ரிம்லண்டு தம் நூலில் இதை மறுத்து, காரணம் வளர்ப்பில் இல்லை, மூளையின் செயல்பாட்டில் இருக்கிறது என்று வாதிட்டார். அவரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தைதான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் "செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு" என்ற பேச்சு லிஃப்டிலும் மொட்டைமாடியிலும் காதில் விழத்தான் செய்கிறது.

இந்தியாவில் 1991-ல் டெல்லியில் மெரி பரூவா தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' பெற்றோரை ஒன்றுசேர்த்தது. ஆனாலும் 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னபோது அதில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்தப் பெயரில் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் சலுகையும் இல்லை. பலர் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்ற பெயரில் சான்றிதழ் வாங்கினார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அதுவும் கிடைக்காது.

1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. பொறுப்பை மாவட்டத்துக்கு இறக்கியதும் அதுதான். ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் கொண்ட உள்ளூர் அளவிலான குழு, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்கலாம். "எங்க காலத்துக்குப் பிறகு இவன யாரு பாப்பா?" என்ற பெற்றோரின் கவலைக்கு அரசு தந்த முதல் பதில் இது. இதே அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. 2016 டிசம்பரில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகையை 21 ஆக்கியது. ஆட்டிசம் அதில் ஒன்று.

அரசு உதவி ஊராட்சி வரை வந்ததற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலம். அந்தத் திருவனந்தபுரம் மாவட்டத்தில், வெங்ஙானூர் ஊராட்சியில் 2004-ல் முதல் 'பட்ஸ்' பள்ளி திறக்கப்பட்டது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக உள்ளாட்சி அமைப்பே நடத்தும் பள்ளி அது. குடும்பஸ்ரீ துணை நிற்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். 18 வயதுக்குப் பின் போவதற்கு பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் வந்தன. இன்று கேரளம் முழுவதும் இவை இருக்கின்றன.

தமிழ்நாட்டில் வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை எல்லா உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழிசெய்தன. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்கும் குரல் மன்றத்தில் ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத குறைபாடான ஆட்டிசத்துக்கும் அங்கே பேச ஆள் வேண்டும். நம் அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் இன்னும் புழங்குகிறது. புற உலகின் சத்தமும் வெளிச்சமும் அளவுக்கு மீறித் தாக்குவதால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது பொருந்துமா?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத, பேச்சு தாமதமான குழந்தைக்கு முதல் படி அங்கன்வாடிதான். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதித்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். சான்றிதழுக்கும் காப்பாளர் நியமனத்துக்கும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் பஸ் ஏறுவது எளிதல்ல. வட்டார அளவில் ஒரு பயிற்சி மையம் வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேட்க நம் சங்கத்தால் முடியும்.

அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. விழா நாளில் வெடியும் ஒலிபெருக்கியும் எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுவது, காவலாளிக்கு அந்தப் பிள்ளையை அறிமுகம் செய்து வைப்பது, விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் ஆட அவனுக்கும் முறை கொடுப்பது. இதற்கெல்லாம் எந்தச் சட்டமும் வேண்டாம்.