மணலில் பிறந்த மணியாரம்

எகிப்து என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவன விண்முட்டும் பிரமிடுகளும் மன்னர்தம் பொற்குவியல்களுமேயாம். ஆயின், நாம் ஈண்டுக் கூறப் புகுவது மன்னன் கதையன்று. பெருமனையொன்றில் பணிபுரிந்த ஊழியர் ஒருவரின் கழுத்தணி பற்றியதாகும்.

சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தீப்ஸ் நகரில் மேக்கெத்ரே என்னும் அமைச்சர் வாழ்ந்தார். அவருடைய பண்டகசாலையை மேற்பார்த்து வந்தவர் பெயர் வா. நமக்கு அழைப்பாக ஒலிக்கும் ஓரெழுத்துப் பெயர்! ஏறத்தாழ முப்பது வயதிலேயே அவர் மறைந்தார். தலைவரின் கல்லறைக்கு அருகே அவருக்கும் சிறு கல்லறை ஒன்று அமைந்தது.

1920-ஆம் ஆண்டு, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் சார்பில் அங்கு அகழாய்வு நடத்திய வின்லாக் குழுவினர் அதனைக் கண்டனர். அமைச்சரின் கல்லறையைக் கொள்ளையர் முன்னரே சூறையாடியிருந்தனர். ஊழியரின் கல்லறையோ அவர்கள் கண்ணிற்படாது தப்பியிருந்தது. வாவின் உடல் துணிச்சுற்றுகளோடு அருங்காட்சியகம் சேர்ந்தது. பல்லாண்டுகள் சென்றபின் எக்ஸ் கதிர்கொண்டு நோக்கியபோதுதான் உள்ளே அணிகலன்கள் இருப்பது புலனாயிற்று. 1940-இல் துணிகளைப் பிரித்தனர். நீலமும் பச்சையும் கலந்தொளிரும் குழல்மணிகள் வரிசை வரிசையாய்க் கோக்கப்பெற்ற அகன்ற கழுத்தணி வெளிப்பட்டது.

அம்மணிகள் நவரத்தினங்கள் அல்ல. 'ஃபயான்ஸ்' என்னும் செய்பொருள். படிகக்கல் மணலைப் பொடித்து, சிறிது சுண்ணமும் காரவுப்பும் செப்புத்தூளும் சேர்த்துப் பிசைந்து உருவமைப்பர். ஈரம் உலருங்கால், நம் வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதுபோலக் காரம் மேற்பரப்பிற்கு வந்து படியும். சூளையிலிட்டதும் அது உருகிக் கண்ணாடிபோற் பளபளக்கும். செம்பு நீலநிறம் ஊட்டும். சிந்துவெளி மக்களும் இத்தகைய தொழிலை அறிந்திருந்தனர்.

அந்நிறம் எகிப்தியர்க்குத் தளிரின் நிறம். மீண்டும் பிறக்கும் உயிரின் அடையாளம். அதனைத் தரும் பசுநீலக்கல்லைச் சினாய் மலைகளிலிருந்தும், கருநீலக்கல்லைத் தொலைவிலுள்ள ஆப்கானிய மலைகளிலிருந்தும் கொணர வேண்டியிருந்தது. கிடைத்தற்கரிய அவ்வொளியைக் காலடி மணலிலிருந்தே படைத்தான் கைவினைஞன்.

வாவின் உடலோடு வெள்ளியாலான வண்டுருவம் ஒன்றும் கிடைத்தது. அதன் முதுகில் தலைவர் பெயரும் ஊழியர் பெயரும் சேர்ந்தே பொறிக்கப்பட்டுள்ளன. அலுவலகக் கணக்கேடுகளோடு நாளைக் கழிக்கும் நம்மிற் பலர்க்கு, இந்தப் பண்டகசாலை மேற்பார்வையாளர் அயலாராகத் தோன்றார். அரசர் பலரின் பொன் அழிந்தது. அவர் கழுத்திலணிந்த மணலோ இன்றும் ஒளிர்கின்றது.